ஒரே பட்டறையில் பிறந்த மூன்று கேம்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கியமும் இசையும் சினிமாவும் பேசப்பட்ட மேடையில் வீடியோ கேம் பற்றிப் பேச எனக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். வீடியோ கேம் கலையா இல்லையா என்ற வழக்கை இன்று நான் எடுக்கப்போவதில்லை. கலைதான் என்று வைத்துக்கொண்டு, அதன் ஆயுளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன், சாஃப்ட்வேர் பிரிசர்வேஷன் நெட்வொர்க் என்ற அமைப்போடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. அவற்றை ஆட விரும்புகிறவர் பழைய கருவியையும் பழைய வட்டையும் தேடிப்பிடித்து வாங்க வேண்டும், அல்லது காப்பகம் இருக்கும் ஊருக்குப் பயணம் போக வேண்டும், அல்லது திருட்டுப் பிரதியை இறக்கிக்கொள்ள வேண்டும். நூறாண்டு கடந்த ஊமைப் படங்கள் அழிந்தன என்றால் நமக்குப் புரிகிறது. படச்சுருள் தீப்பிடித்தது, மட்கியது. வீடியோ கேம் என்பது எண்களால் ஆனது. ஒரு பைட்கூட குறையாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். அப்படிப்பட்ட ஒன்று, படைத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கைக்கெட்டாமல் போகிறது. இதற்குக் காரணம் காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் இது மனிதர்கள் எடுத்த முடிவுகளின் விளைவு.

அந்த முடிவுகளில் முதன்மையானது, ஒரு கேமை ஒரே ஒரு கன்சோலுக்கு மட்டும் என்று கட்டிப்போடுவது. பிளேஸ்டேஷனுக்கு மட்டும், எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும், நின்டெண்டோவுக்கு மட்டும். கருவியை விற்க இது நல்ல உத்தி. ஆனால் கன்சோலின் வாழ்நாள் ஏழெட்டு ஆண்டுகள். அதற்குப் பிறகு தொழிற்சாலை அடுத்த கருவிக்கு மாறிவிடும், உதிரிபாகம் வராது, கடைசியாக இணையக் கடையும் மூடப்படும். நின்டெண்டோவின் வீ கன்சோலின் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. வீ யூ, 3டிஎஸ் கடைகளில் 2023 மார்ச் 27க்குப் பிறகு எதையும் வாங்க முடியவில்லை. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலை 29இல் மூடப்பட்டது. பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளையும் மூடப்போவதாக சோனி 2021இல் அறிவித்தது. ஆட்டக்காரர்கள் எழுப்பிய எதிர்ப்பால் அடுத்த மாதமே அந்த முடிவைக் கைவிட்டது. வட்டாக வராமல் தரவிறக்கமாக மட்டுமே வந்த கேம்களுக்கு இந்தக் கடைகளே ஒரே வீடு.

இதை நான் பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் உங்களுக்கு அலுப்புத் தட்டும். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில், ஹிடேதாகா மியாசாகி என்ற ஒரே இயக்குநரின் கையில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளில் உருவான மூன்று கேம்களை எடுத்துக்கொள்வோம். டீமன்ஸ் சோல்ஸ், 2009. டார்க் சோல்ஸ், 2011. பிளட்போர்ன், 2015. மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். மூன்றுக்கும் நேர்ந்த கதி வேறு வேறு. திறமையிலோ புகழிலோ உள்ள வித்தியாசத்தால் அப்படி ஆகவில்லை. கணினிக்கு வந்ததா, வரவில்லையா என்பதுதான் பிரித்தது.

முதலில் டீமன்ஸ் சோல்ஸ். 2009 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 3க்கு ஜப்பானில் வந்தது. பணம் போட்டது சோனி. ஆனால் வெளியீட்டுக்கு முன் ஆடிப்பார்த்த சோனியின் மூத்த அதிகாரி ஷுஹேய் யோஷிதாவால் தொடக்கத்தையே தாண்ட முடியவில்லை. கேம் அவருக்குப் பிடிக்கவும் இல்லை. மேற்கு நாடுகளில் இதை வெளியிட வேண்டாம் என்று சோனி விட்டுவிட்டது. பின்னாளில் இதைப் பெரிய தவறாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆசியச் சந்தைக்கென வந்த பதிப்பில் ஆங்கிலம் இருந்ததால், அமெரிக்க, ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் அதைக் கடல்கடந்து வரவழைத்து ஆடினார்கள். அந்தப் பேச்சு பரவிய பிறகே அட்லஸ் நிறுவனம் 2009 அக்டோபரில் வட அமெரிக்காவிலும், நாம்கோ பண்டாய் 2010இல் ஐரோப்பாவிலும் அதை வெளியிட்டன. ஒரு படைப்பு உலகத்துக்குப் போய்ச்சேர்வது எவ்வளவு தற்செயலான காரியமாக இருக்கிறது பாருங்கள்.

அந்தக் கேமில் லாட்ரியா என்று ஒரு சிறைக்கோபுரம். அதன் உச்சியில் ஒரு கிழத் துறவி. அவனோடு நீங்கள் போரிடப் போகும்போது, துறவி தானாக எழுந்து சண்டை போடுவதில்லை. உலகின் வேறெங்கோ அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் இன்னொரு மனிதரை உங்கள் உலகத்துக்குள் இழுத்துவந்து தனக்காகப் போரிட வைக்கிறான். எதிரே நிற்பது யார், எந்த நாட்டவர், எவ்வளவு தேர்ந்தவர், எதுவும் தெரியாது. முகம் தெரியாத ஒருவரின் புத்தியோடு மோத வேண்டும். வீடியோ கேம் தவிர வேறெந்தக் கலையாலும் செய்ய முடியாத காரியம் இது. இந்தக் கலையின் உச்சங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். 2018 பிப்ரவரி 28ஆம் தேதி சோனி அந்தக் கேமின் சர்வர்களை நிறுத்தியது. அன்றிலிருந்து, உங்கள் வட்டு ஓடினாலும், உங்கள் பிளேஸ்டேஷன் 3 நன்றாக வேலை செய்தாலும், அந்தக் கோபுரத்தில் உங்களை எதிர்கொள்வது கணினி இயக்கும் ஒரு பொம்மைதான். படைப்பின் உடல் இருக்கிறது, அதில் முக்கியமான ஒரு நரம்பு அறுந்துவிட்டது.

டீமன்ஸ் சோல்ஸ் கணினிக்கு வரவே இல்லை. 2020 நவம்பரில் புளூபாயிண்ட் நிறுவனம் அதைப் பிளேஸ்டேஷன் 5க்காக மறுபடி கட்டியது. அழகான வேலை. ஆனால் ஓவியமும் இசையும் ஒளியும் புதியவை. அது வேறு கையெழுத்து. தவிர, அதுவும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டதுதான்.

பழைய மூலம் இன்று கணினியில் ஓடுகிறது என்றால், அது அதிகாரபூர்வமாக யாரும் கொண்டுவந்ததால் இல்லை. ஆர்பிசிஎஸ்3 என்ற எமுலேட்டரை, அதாவது கணினியைப் பிளேஸ்டேஷன் 3 போல நடந்துகொள்ள வைக்கும் மென்பொருளை, 2011இல் தொடங்கிய ஒரு சிறு குழு, ஆண்டுக்கணக்கில் உழைத்ததால். அந்த உழைப்பின் அளவு தெரிய வேண்டுமானால் பிளேஸ்டேஷன் 3இன் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டும். அதன் மையத்தில் இருந்தது செல் என்ற சிப். சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து வடிவமைத்தது. நடுவில் ஒரு பொதுக் கரு, சுற்றிலும் எட்டுத் துணைக் கருக்கள். பிளேஸ்டேஷன் 3இல் அந்த எட்டில் ஒன்று அணைத்துவைக்கப்பட்டது, ஒன்று இயங்குதளத்துக்கு ஒதுக்கப்பட்டது, மிச்சம் ஆறு கேமுக்கு. ஒவ்வொரு துணைக் கருவுக்கும் தனியாக வெறும் 256 கிலோபைட் நினைவகம். அதற்குள் தரவை ஏற்றுவதும் இறக்குவதும் நிரல் எழுதுபவரின் தலையில் விழுந்த பொறுப்பு. இப்படி ஒரு விசித்திரமான கருவிக்கென்றே எழுதிய நிரலை, முற்றிலும் வேறுவிதமாகச் சிந்திக்கும் இன்றைய கணினிச் சிப்புக்கு, ஓடும்போதே மொழிபெயர்த்துக்கொண்டு போக வேண்டும். பலர் ஊதியம் எதிர்பாராமல் அதைச் செய்தார்கள். வேறு ரசிகர்கள் தனி சர்வர் அமைத்தார்கள். அதில் இணைந்தால் கிழத் துறவி இன்றும் ஒரு மனிதரை அழைத்துவருகிறான். சோனி அணைத்த விளக்கை ஏற்றியவர்கள் இவர்கள். இந்த மேடையிலிருந்து அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது, டார்க் சோல்ஸ். 2011 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் வந்தது. கணினிப் பதிப்பு திட்டத்திலேயே இல்லை. 2012 ஜனவரியில் ரசிகர்கள் ஒரு மனு தொடங்கினார்கள். பல்லாயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். ஒரு கேமைத் தங்களுக்கு விற்கும்படி மக்கள் மனுப் போட்டுக் கேட்ட வினோதம் அது. கேமை வெளிநாடுகளில் வெளியிட்ட நாம்கோ பண்டாய் செவிசாய்த்தது. 2012 ஆகஸ்டில் கணினிப் பதிப்பு வந்தது. கன்சோல்காரர்களுக்கு அக்டோபரில் கிடைத்த கூடுதல் பகுதி, கணினிப் பதிப்பில் முதலிலேயே சேர்ந்திருந்தது.

ஆனால் போர்ட், அதாவது கன்சோலிலிருந்து கணினிக்கு மாற்றிய வேலை, மிக மோசமாக இருந்தது. ஃப்ரம்சாஃப்ட்வேருக்குக் கணினியில் அனுபவம் போதவில்லை. அதை அவர்களே முன்கூட்டி ஒப்புக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய திரை வைத்திருந்தாலும் படம் உள்ளே 1024க்கு 720 புள்ளிகளில்தான் வரையப்பட்டது. நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் ஓடாது. மவுஸைத் தொட்டால் எரிச்சல். வெளியான அன்றே டுராண்டே என்ற புனைபெயரில் இயங்கிய ஒரு நிரலர் டிஎஸ்ஃபிக்ஸ் என்ற சிறு கோப்பை வெளியிட்டார். அதைக் கேமின் கோப்புறையில் போட்டால், பூட்டியிருந்த ரெசல்யூஷன் திறந்துகொண்டது. பிறகு ஃபிரேம் வரம்பும் திறந்தது. அப்போதுதான் இன்னொன்று தெரியவந்தது: நிரலின் அடியாழத்தில் நேரத்தையே 30 ஃபிரேம் என்ற அளவுகோலால் அளந்திருந்தார்கள். வேகத்தை 60 ஆக்கியதும் தாவலின் தூரம் குறைந்தது. ஏணியில் சறுக்கி இறங்கினால் சில நேரம் தரையைத் தாண்டி வெறுமைக்குள் விழ வேண்டியிருந்தது. டார்க் சோல்ஸ் 2இன் கணினிப் பதிப்பில் இதே நோய் வேறு உருவில் வந்தது. 60 ஃபிரேமில் ஆடினால் ஆயுதங்கள் இரட்டிப்பு வேகத்தில் தேய்ந்தன. ஒரு கருவியின் பழக்கவழக்கங்கள் கேமின் எலும்பு வரைக்கும் ஊறியிருக்கும். போர்ட் செய்வது கோப்பை நகலெடுக்கும் வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இருந்தும் அந்த மோசமான போர்ட்டுக்கு நான் நன்றியுள்ளவன். அது வந்ததால்தான் திருத்த முடிந்தது. கன்சோலில் ஒரு குறை இருந்தால் நிறுவனம் மனம்வைக்கும்வரை அது குறைதான். கணினியில் ஆடுகிறவரும் கை வைக்கலாம். டார்க் சோல்ஸின் கணினிப் பதிப்பைச் சுற்றி மாட் (கேமில் ஆட்டக்காரரே செய்யும் மாற்றம்) செய்பவர்களின் ஒரு பட்டறையே உருவானது: எதிரிகளை இடம்மாற்றினார்கள், படங்களைக் கூர்மையாக்கினார்கள், கோப்புகளைப் பிரித்து அவற்றின் அமைப்பை எழுதிவைத்தார்கள். டுராண்டே பின்னர் சொந்த நிறுவனம் தொடங்கி, ஜப்பானிய கேம்களைக் கணினிக்குக் கொண்டுவருவதையே தொழிலாக்கிக்கொண்டார். ஃப்ரம்சாஃப்ட்வேரும் கற்றுக்கொண்டது. 2022இல் எல்டன் ரிங் கன்சோல்களிலும் கணினியிலும் ஒரே நாளில் வந்து மூன்று வாரத்துக்குள் 1.2 கோடிப் பிரதிகள் போனது. பத்தாண்டுக்கு முன் மனுப் போட்டவர்களை அன்று நிறுவனம் நினைத்துப் பார்த்திருக்கும் என்று நம்ப விரும்புகிறேன்.

இங்கே ஒரு கசப்பான பகுதியும் உண்டு. அதை மறைத்தால் என் வாதம் நேர்மையாக இருக்காது. அந்த 2012 பதிப்பு, மைக்ரோசாஃப்டின் கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் என்ற சேவையோடு கட்டப்பட்டிருந்தது. அந்தச் சேவை நலிந்தது. 2014 இறுதியில் கேமை ஸ்டீம் என்ற கணினிக் கேம் கடையின் அமைப்புக்கு மாற்றியதால் தப்பியது. அப்படி மாற்றப்படாத பல கேம்கள் தவித்தன. 2018இல் ரீமாஸ்டர் பதிப்பு வந்ததும் பழைய பதிப்பு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. 2022 ஜனவரியில், அந்நியர் ஒருவர் இணையம் வழியாக உங்கள் கணினியில் தம் நிரலை ஓடவிடக்கூடிய ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, மூன்று டார்க் சோல்ஸ்களின் கணினி சர்வர்களும் நிறுத்தப்பட்டன. அந்த ஆண்டுக்குள் மற்றவை திரும்பின. 2012 பதிப்பின் சர்வர் மட்டும் திரும்பவே இல்லை.

ஆகவே கணினிக்கு வந்துவிட்டால் எல்லாம் நிலைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கணினியிலும் பூட்டுகள் உண்டு. சரக்கு கெடுவதற்கு வெகுநாள் முன்பே பூட்டு துருப்பிடிக்கிறது. 2000களில் வட்டுகளில் வந்த பல கேம்களில் திருட்டைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பாதுகாப்பு இருந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, ஆபத்தானது என்று சொல்லி அதன் டிரைவரை மைக்ரோசாஃப்ட் ஆதரிக்க மறுத்தது. முறையாகக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தவரின் வட்டு ஓடவில்லை. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி ஓடியது. நேர்மையான வாடிக்கையாளருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது. போலந்தில் 2008இல் தொடங்கிய ஜிஓஜி கடையை நான் மதிப்பதற்குக் காரணம், அங்கே வாங்கும் கேமில் இத்தகைய பூட்டு இல்லை. நிறுவும் கோப்பை வன்தட்டில் எடுத்துவைத்துக்கொண்டால் கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உங்களுடையது. 2024 நவம்பரில் நூறு பழைய கேம்களைப் பட்டியலிட்டு, புதிய கணினிகளில் அவை ஓடுவதற்குத் தாங்கள் பொறுப்பு என்று அந்தக் கடை அறிவித்தது.

இப்போது மூன்றாவது கேம். பிளட்போர்ன், 2015 மார்ச், பிளேஸ்டேஷன் 4. மியாசாகியின் படைப்புகளில் மிகச் சிறந்தது என்று பலரும் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். நோயும் மருந்தும் ஒன்றேயான ஒரு நகரம். மாலை மங்குவதிலிருந்து விடியல் வரை ஒரே இரவில் நடக்கும் வேட்டை. உரிமை சோனியிடம். நொடிக்கு 30 ஃபிரேம். அந்த முப்பதும் சீரான இடைவெளியில் வருவதில்லை என்பதால் கண்ணுக்குத் திக்கித் திக்கித் தெரியும். பிளேஸ்டேஷன் 4 புரோ வந்தது, பிளேஸ்டேஷன் 5 வந்தது. பிளட்போர்னுக்குத் திருத்தம் வரவில்லை, கணினிப் பதிப்பும் வரவில்லை.

தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல இங்கே வழியே இல்லை. பிளேஸ்டேஷன் 3 விசித்திரக் கருவி என்றேன். பிளேஸ்டேஷன் 4 அப்படியல்ல. நம் கணினிகளில் இருக்கும் அதே எக்ஸ்86 வகைச் சிப், ஏஎம்டி தயாரிப்பு. இயங்குதளம் ஃபிரீபிஎஸ்டியிலிருந்து பிறந்தது. அதனால்தான் ஷாட்பிஎஸ்4 என்ற எமுலேட்டரை எழுதியவர்கள் சிப்பின் கட்டளைகளை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லாமல், இயங்குதள அழைப்புகளிலும் கிராபிக்ஸ் பகுதியிலும் மட்டும் உழைத்து, 2024இல் பிளட்போர்னைக் கணினியில் ஓடவைத்துவிட்டார்கள். அதற்கும் முன்பே, 2021இல் லான்ஸ் மெக்டொனால்ட் என்ற நிரலர் 60 ஃபிரேமில் ஓடவைக்கும் பேட்சை எழுதி இலவசமாகக் கொடுத்திருந்தார். 2025 தொடக்கத்தில் சோனி அவருக்கு நோட்டீஸ் அனுப்பி அதை நீக்கவைத்தது. தானும் செய்யவில்லை, செய்தவரையும் நிறுத்தியது. அதே சமயத்தில், சோனியிலிருந்து விலகியிருந்த யோஷிதா ஒரு பேட்டியில் தன் ஊகமாக ஒன்றைச் சொன்னார்: மியாசாகிக்குப் பிளட்போர்ன்மீது மிகுந்த பிரியம், தானே செய்ய நேரமில்லை, வேறொருவர் கைவைக்கவும் விருப்பமில்லை, அதை சோனி மதிக்கிறது என்று. அது உண்மையானால் அந்தப் படைப்பாளியின் மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பத்தாண்டு கடந்த படைப்பு படைத்தவருக்கு மட்டும் சொந்தமானதா? அதை ஆடி வளர்ந்து, தாமும் கேம் செய்யத் தொடங்கிவிட்ட ஒரு தலைமுறைக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பதே என் கட்சி.

சோனி மற்ற கேம்களைக் கணினிக்குக் கொண்டுவரவில்லையா என்று கேட்கலாம். கொண்டுவந்தது, பாராட்ட வேண்டும். ஹொரைசன் ஸீரோ டான் 2020இல், காட் ஆஃப் வார் 2022 ஜனவரியில், அதே ஆண்டில் ஸ்பைடர்மேன். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் போர்ட் வேலையில் பேர்பெற்ற நிக்ஸஸ் நிறுவனத்தை 2021இல் விலைக்கே வாங்கியது. எல்லாமே சுமுகமாக நடக்கவில்லை. 2023இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் கணினிப் பதிப்பில், கேம் தொடங்கும் முன் ஷேடர் என்னும் சிறு வரைகலை நிரல்களைத் தயாரிப்பதற்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கன்சோலில் ஒரே கிராபிக்ஸ் சிப் என்பதால் அவற்றை முன்னமே தயார்செய்து அனுப்பலாம். கணினியில் ஆளுக்கொரு சிப்.

நம்மவர்களை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. 2024 மே மாதம், ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமைக் கணினியில் ஆடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு தொடங்கியாக வேண்டும் என்று சோனி சொன்னது. அந்தச் சேவை உலகின் எல்லா நாடுகளிலும் இல்லை. இந்தியாவில் இருக்கிறது, இலங்கையில் இல்லை. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள்; சில நாட்களில் சோனி பின்வாங்கியது. ஆனால் அந்தச் சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் கேம் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதே மாதம் கணினிக்கு வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமாவுக்கும் இதே கதை, அதன் முதன்மைக் கதையைத் தனியாக ஆட எந்தக் கணக்கும் தேவையில்லாதபோதும். சென்னையில் இருந்தவரால் வாங்க முடிந்தது, கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் அதே கணினியும் அதே பணமும் வைத்திருந்தவரால் வாங்க முடியவில்லை. 2025இல் சோனி சில கேம்களில் இந்த நிபந்தனையைத் தளர்த்தியது நல்ல செய்தி. கேம் கணினிக்கு வந்த பிறகும் கன்சோலின் வேலியை இழுத்துவந்து கட்டினால், வந்ததன் பயன் பாதியாகிவிடும்.

இனி விலைக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. விளையாட மட்டுமே பயன்படும் பெட்டிக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கும் வீடுகள் நம்மிடையே குறைவு. கணினி அப்படியல்ல, படிப்புக்கென்றும் வேலைக்கென்றும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல லட்சம் மாணவர்களின் கைக்கு அது போனது. அந்த மடிக்கணினிகளில் அன்றைய புதிய கேம்கள் ஓடாது, பழையவை ஓடும். கணினிக்கு வந்த கேமுக்குக் காலம் தோழன். வெளியான அன்று பணக்காரக் கணினி கேட்டது, பத்தாண்டு கழித்து எளிய கணினியில் ஓடும். விலையும் சில நூறு ரூபாய்க்கு இறங்கும். கன்சோலில் பூட்டிய கேம் இப்படி மக்களிடம் இறங்கிவருவதே இல்லை. அது பழையதாகப் பழையதாக அரும்பொருள் சேகரிப்பவர்களின் விலைக்கு ஏறுகிறது. ஆகவே எல்லோருக்கும் கிடைப்பதையும் நெடுநாள் நிலைப்பதையும் நான் தனித்தனிக் கோரிக்கைகளாகப் பார்க்கவில்லை. நிறையப் பேரின் கையில் இருப்பது அழிவதில்லை. அழியாமல் இருப்பது மேலும் நிறையப் பேரைப் போய்ச் சேர்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். சோனி பணம் போடாவிட்டால் டீமன்ஸ் சோல்ஸ் பிறந்தே இருக்காது, பிளட்போர்னும் இருக்காது. தன் கருவிக்கு மட்டும் என்ற ஆதாயம் இருந்ததால்தான் அந்தத் துணிச்சலான முதலீடு வந்தது. இதை முழுவதும் ஏற்கிறேன். எனக்கு மறுப்பு தொடக்கத்தில் வரும் தனியுரிமைமீது இல்லை, அதற்கு முடிவே இல்லாமல் இருப்பதன்மீது. இரண்டாண்டு வைத்துக்கொள்ளட்டும், மூன்றாண்டு வைத்துக்கொள்ளட்டும். பெர்சோனா 4 கோல்டன் 2012இல் வீட்டாவுக்கு வந்து, கணினிக்கு வர 2020 ஆனது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2010இல் வந்தது, கணினிக்கு 2024 அக்டோபரில், பதினான்கு ஆண்டுகள். இவ்வளவு தாமதித்தால் இழப்பது விற்பனையை மட்டுமல்ல. சைலன்ட் ஹில் கேம்களை 2012இல் புதுப்பிக்க முனைந்தபோது, இறுதி வடிவத்தின் மூல நிரல் அவற்றை வெளியிட்ட கொனாமி நிறுவனத்திடம் இல்லை. முடிவுறாத நிரலை வைத்துக்கொண்டு, முன்பே ஒருமுறை திருத்தப்பட்ட பிழைகளை மறுபடி திருத்த வேண்டியிருந்தது. வெளிவந்த பதிப்பு ரசிகர்களைப் புண்படுத்தியது. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் கேமின் மூலத் தரவுகளும் தொலைந்துவிட்டன. கடையில் விற்ற பிரதியிலிருந்தே தோண்டியெடுத்து மறுபடி செய்தார்கள். எழுதியவர்கள் அதே கட்டடத்தில் இருக்கும்போதே, நினைவு பசுமையாக இருக்கும்போதே போர்ட் செய்தால் மூல நிரலை ஒழுங்குபடுத்த வேண்டிய கட்டாயம் வருகிறது. போர்ட் செய்வதைப் பாதுகாப்புப் பணி என்று நான் சொல்வது இதனால்தான்.

நிறுவனங்கள் செய்யாததை ரசிகர்கள் வேறு வழியில் செய்கிறார்கள். 1998இல் நின்டெண்டோ 64க்கு வந்த ஆக்கரினா ஆஃப் டைம் கேமை ஒரு குழு இயந்திர மொழியிலிருந்து மனிதர் படிக்கும் நிரலாக மீட்டு எழுதி 2021 நவம்பரில் முடித்தது. தாங்கள் எழுதியதைத் தொகுத்தால் மூலக் கேமோடு பைட்டுக்கு பைட் பொருந்த வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். அடுத்த ஆண்டே அதிலிருந்து கணினிப் பதிப்பு பிறந்தது. ஓவியமும் இசையும் அதில் இல்லை. ஆடுகிறவர் தன்னிடம் உள்ள பிரதியிலிருந்து கொடுக்க வேண்டும். 2008இன் சோனிக் அன்லீஷ்ட், எக்ஸ்பாக்ஸ் 360 நிரலைக் கணினிக்கு மறுதொகுப்புச் செய்யும் முறையில் 2025 மார்ச்சில் வந்தது. பண்டிதர்களின் பதிப்புப் பணிக்கு இணையான உழைப்பு இது.

சட்டம் இவர்களை அரைக்கண்ணால்தான் பார்க்கிறது. கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்றதற்கு சோனி வழக்குப் போட்டபோது, 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. ஸ்விட்ச் கன்சோலின் எமுலேட்டரான யூஸுவை எழுதியவர்களோ 2024இல் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள். இன்று கடையில் விற்கும் கருவியைப் பொறுத்தவரை நின்டெண்டோவின் கவலை எனக்குப் புரிகிறது. விற்பனையிலேயே இல்லாத கருவிக்கும் அதே கடுமை காட்டுவதுதான் புரியவில்லை. விற்பனையில் இல்லாத பழைய கேம்களை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து ஆடக் கொடுக்கலாமா என்ற கேள்வி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் முன் வந்தது. 2024 அக்டோபரில் அனுமதி மறுக்கப்பட்டது. நூலகத்துக்குள் வந்து ஆடலாம், வீட்டிலிருந்து ஆட முடியாது. ஐரோப்பாவில் காற்று கொஞ்சம் மாறி வீசுகிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் இறுதியில் தி க்ரூ கேமின் சர்வரை நிறுத்தி, வாங்கியவர்களின் பிரதியையே பயனற்றதாக்கியது. அதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் மனுவுக்கு ஐரோப்பியக் குடிமக்களின் கையெழுத்து 2025 ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. விற்ற பொருளைக் கொல்லாதே என்பதே அவர்கள் கேட்பது.

நான் கேட்பது இன்னும் ஒரு படி மேல். தனியுரிமைக் காலம் முடிந்ததும் பூட்டில்லாத கணினிப் பதிப்பு வர வேண்டும். சர்வரை நிறுத்தும் நிறுவனம், அதை ரசிகர்கள் நடத்துவதற்கு வேண்டிய நிரலைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அச்சிடும் புத்தகத்தைத் தேசிய நூலகத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டிருக்கும் பதிப்பாளரைப் போல, கேம் நிறுவனங்களும் மூல நிரலின் ஒரு பிரதியை, நாற்பது ஐம்பது ஆண்டுகள் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடாவது, ஒரு பொது நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் நிறையப் பேர் இந்த அரங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். ஆர்பிசிஎஸ்3 எமுலேட்டரின் மூல நிரல் யாரும் படிக்கும்படி இணையத்தில் திறந்திருக்கிறது. அதன் பொருத்தப் பட்டியலில், தொடக்கம் முதல் முடிவு வரை ஆடக்கூடிய கேம்கள் ஒரு வகை. ஆட்டத்துக்குள் நுழைகிறது, ஆனால் முடிக்க முடியவில்லை என்பவை இன்னொரு வகை. இரண்டாவது வகையில் இன்னும் பல கேம்கள் காத்திருக்கின்றன. எந்தக் கேம் எந்த இடத்தில் நிற்கிறது, எந்தப் பிழை தடுக்கிறது என்பதைச் சோதித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் சேர எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை. சி++ தெரிந்திருந்தால் இந்த வாரமே தொடங்கலாம். சொற்பொழிவுக்குப் பிறகு விவரம் கேட்க விரும்புகிறவர்களோடு பேச நான் இங்கேயே இருப்பேன்.